முதல் நாத்திகன் கேட்டது

மழை அந்தப் பக்கம் தலைகாட்டி வெகுநாள் ஆகிவிட்டது. ஓடைக்குளம் என்ற அந்த ஊரின் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்மாயின் நடுவில் இறங்கி ஒரு பெண் மண்வெட்டியால் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கரையம்மா என்பார்கள். கண்மாய்க் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுத் தனியாக இருந்தாள். நாற்பது வயதுதான் இருக்கும். எந்த ஊர், யார் பெண், எதற்காகத் துறவு பூண்டாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். ஊர்க் கருப்பர் கோயில் பூசாரி திருமேனி. அறுபதைத் தாண்டியவர். மகள் வயதுள்ள ஒருத்தியைக் குருவாக வைத்துக்கொண்டதில் ஊருக்குக் கொஞ்சம் கேலி உண்டு. பூசாரிக்குக் கருப்பர் ஒருத்தர் பத்தவில்லை என்று சாவடியில் பேசிக்கொள்வார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார். கேள்வி இருந்தால் கேட்பார். இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை, சாயங்காலமும் ஆகவில்லை. உச்சி சாய்ந்த வெயிலில் ஒரு கிடாயைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு பூசாரி கரையேறி வந்தார். கிடாயின் கழுத்தில் வாடிய மாலை கிடந்தது. அதன் நெற்றியில் மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

கரையம்மா ஊற்றிலிருந்து மேலே வந்தாள். கலங்கல் தண்ணீர் இருந்த பானையைக் கொட்டகை நிழலில் வைத்தாள். காலையிலிருந்து தோண்டிக் கிடைத்தது அந்த ஒரு பானைதான்.

"உக்காருங்க பூசாரி."

"உக்கார நேரமில்ல தாயி. ஒரு கேள்வி. நாத்திகன்னா யாரு?"

அவள் கிடாயைப் பார்த்தாள்.

"கோயில்ல இன்னைக்குப் படையல்னு சொன்னீங்க. இத ஏன் இன்னும் வெட்டல?"

"அதுலதான் வந்துச்சு வினை."

பூசாரி கொட்டகைக் காலில் சாய்ந்துகொண்டு நடந்ததைச் சொன்னார்.

கிடாய் வெட்டுவதற்கு முன் கருப்பரிடம் உத்தரவு கேட்பது அந்த ஊர் முறை. கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் கருப்பர் உத்தரவு கொடுத்துவிட்டார் என்று பொருள். அந்த உத்தரவு கிடைக்கிற வரைக்கும் நேர்ந்துவிட்ட கிடாய்க்குத் தண்ணீர் காட்டக் கூடாது. கோயிலில் காப்புக் கட்டிய நாள் முதல் இந்தக் கிடாயும் அப்படித்தான் நின்றது. மற்ற வருஷங்களில் முதல் செம்பு தலையில் விழுந்ததும் சிலுப்பிவிடும். பெண்கள் குலவை போடுவார்கள், கொட்டு முழங்கும், காரியம் முடிந்துவிடும்.

இந்த வருஷம் கிடாய் அசையவில்லை. செம்பு செம்பாக ஊற்றினார்கள். பிறகு குடம் குடமாக. குடிக்கவே தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து வந்த குடங்கள் அவை. கிடாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மூக்கில் வழிந்த தண்ணீரை மட்டும் நாக்கை நீட்டி நக்கியது.

"கூட்டம் மூச்சு விடல தாயி. அந்நேரம் பாத்து மாயழகு வாயத் தொறந்துட்டான்."

மாயழகு கிணறு வெட்டுகிறவன். எங்கிருந்தோ வேலைக்கு வந்தவன். வெட்டின கிணறெல்லாம் வற்றிப்போக, திரும்பிப் போகக் கைச்செலவுக்கு வழியில்லாமல் அங்கேயே கூலிக்குத் தங்கிவிட்டான். காய்ச்சலில் கிடந்த தன் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தான்.

"என்ன சொன்னான்?"

"'பாவம், தாகத்துல நிக்குது, தண்ணி காட்டுனா சிலுப்பும்'னான். பொண்டாட்டிக்கிட்டதான் சொன்னான். மெதுவாத்தான் சொன்னான். ஆனா எல்லாருக்கும் கேட்டுருச்சு."

"பெறகு?"

"நம்ம ஊருப் பெரிய மனுசன் அம்பலக்காரர் துண்டை ஒதறிக்கிட்டு எந்திரிச்சாரு. கருப்பர் ஏன் வரலேன்னு இப்ப வெளங்கிப்போச்சு, நம்ம கூட்டத்துக்குள்ள ஒரு நாத்திகன் நிக்கிறான்னாரு. அம்புட்டுத்தான். ஊரே அந்தப் பக்கம் திரும்பிருச்சு."

மாயழகையும் அவன் மனைவி இருளாயியையும் குழந்தையையும் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். பொழுது இறங்கும்போது பூசாரி கருப்பர் முன்னால் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, இவன் நாத்திகன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தீர்ந்தது. குடிசையைப் பிரித்துப் போடுவார்கள். சுற்றுப்பட்டிக்கெல்லாம் ஆள் போகும். எந்தக் கிணற்றடியிலும் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அன்றைக்கே பொட்டலைத் தாண்டித் துரத்திவிடுவார்கள். அந்தப் பொட்டலில் ஒரு மரம் கிடையாது. காய்ச்சல் குழந்தை அதைத் தாண்டாது என்பது துரத்துகிறவர்களுக்கும் தெரியும்.

"நான் என் குருவக் கேட்டுட்டு வந்து சொல்றேன்னு நழுவி வந்தேன்" என்றார் பூசாரி. "கெடா என் பொறுப்பு. அதனால அதையும் இழுத்துக்கிட்டு வந்தேன்."

கரையிலிருந்து பார்த்தால் எல்லைக்கல் தெரியும். அதன் பக்கத்தில் ஒரு உடைமரம். நிழல் என்று சொல்ல முடியாத நிழலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு இரண்டு பேர் தள்ளி நின்றார்கள். குழந்தையின் அழுகை காற்றில் விட்டுவிட்டு வந்தது.

"அவன் சாமி இல்லேன்னு சொன்னானா?"

"சொல்லல."

"கும்பிட மாட்டானா?"

"கும்பிடுவான். நல்லாவே கும்பிடுவான். அவுக குலதெய்வம் வேற. வாயில நொழையாத பேரு ஒண்ணு சொல்லுவான். நம்ம கோயிலுக்கும் வருவான், திருநீறு வாங்கிக்கிடுவான்."

"பெறகென்ன பூசாரி?"

"அதான் தாயி எனக்கு வெளங்கல. சாமி இல்லேங்கிறவன்தான் நாத்திகன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இவன் கெடாயப் பத்தித்தான் சொன்னான். சாமியப் பத்திப் பேசவே இல்ல. ஆனா ஊரு பூரா சொல்லுது. ஊரு பூரா சொன்னா அதுல என்னமாச்சும் இருக்கும்ல?"

கரையம்மா கையில் ஒட்டியிருந்த சேற்றை உதிர்த்தாள்.

"மொத நாத்திகன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப உக்காருங்க. பொழுது எறங்க இன்னும் நேரம் இருக்கு."

பூசாரி எல்லைக்கல் பக்கம் பார்த்தார்.

"நீங்க வர்றதுக்கு முந்தியே கொழந்த அழுகுறது கேட்டு, என்ன ஏதுன்னு கேக்காம அங்க ஒரு செம்பு தண்ணி குடுத்துட்டு வந்தேன். பொழுது சாயுற வரைக்கும் அது காணும்" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். கிடாய் அவர் காலடியில் படுத்தது. அவள் சொன்னாள்.

ஒரு ஊர். அங்கேயும் பஞ்சம். அங்கே கிடாய் வெட்டுகிற வழக்கம் இல்லை, பொங்கல்தான். ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு பெரிய பானை. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அதில் ஊற்ற வேண்டும். குடத்தின் வாயை வேப்பிலையால் மூடிக் கொண்டுவர வேண்டும். பொங்கல் பொங்கி வழிந்தால் சாமி மனம் குளிர்ந்துவிட்டது, மழை வரும்.

அந்த வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் பானையின் அடியைச் சுரண்டித்தான் தண்ணீர் மொண்டார்கள். குடம் பாதி நிறைந்ததும் பெண்கள் ஒரு தடவை திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அதற்கு மேல் ஊற்றக் கை வரவில்லை. அரைக்குடத்தின் மேல் வேப்பிலையை வைத்து மூடினார்கள்.

"அது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் கரையம்மா. "பெத்தவ வேற என்ன செய்வா?"

இடுப்பில் வைத்துக்கொண்டு, நிறைகுடம் கனக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சாய்ந்து நடந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வந்தார்கள், ஊற்றினார்கள், போனார்கள். அரிசியைப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்கள். தண்ணீர் கொதித்தது. பானைக்குள்ளேயே கொதித்தது. வெளியே ஒரு சொட்டு வழியவில்லை.

"பாதிப் பானை எப்பிடித் தாயி பொங்கும்?"

"பொங்காது. ஆனா அவங்கவங்க கொடத்துக் கதைதான் அவங்கவங்களுக்குத் தெரியும். மத்தவங்க கொடமும் அப்பிடித்தான்னு யாருக்குத் தெரியும்? யாரு வாயத் தொறக்கறது?"

பூசாரி தலையசைத்தார்.

சாமி ஏன் பொங்கலை ஏற்கவில்லை என்று ஊர்த் தலைவர் கேட்டார். அவர் வீட்டுக் குடமும் அரைக்குடம்தான். எல்லாரும் குனிந்து நின்றார்கள். தன்னால்தான் என்று ஒவ்வொருத்தருக்கும் உள்ளே நடுக்கம். அப்போது யாரோ ஒருத்தர் சொன்னார், அந்த உப்பு வண்டிக்காரன் தண்ணீர் ஊற்றும்போது வேறு ஏதோ சாமி பேரைச் சொன்னான் என்று.

உப்பு வண்டி ஓட்டி வந்தவன் அவன். வழியில் மாடு செத்துப்போய், பெண்டாட்டி பிள்ளையோடு அந்த ஊரிலேயே தங்கிவிட்டவன். மழைக்காகத் தன் சாமியையும் துணைக்குக் கூப்பிட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது.

"ஆனா அந்தப் பேச்சு விழுந்த ஒடனே கூட்டத்துக்கு மூச்சு வந்துருச்சு. அம்புட்டு நிம்மதி பூசாரி. நம்ம அரைக்கொடம் இல்ல, அவன்தான். ஒவ்வொருத்தரும் அப்பிடி நெனச்சாங்க."

"அவன் கொடம்?"

"நெறகொடம்."

"என்ன தாயி சொல்றீங்க?"

"அந்த ஊர்ல அன்னைக்கு நெறகொடம் கொண்டாந்தது அவன் ஒருத்தன்தான். சாமிக்கிட்ட அம்புட்டுப் பயம் அவனுக்கு."

"அப்ப வீட்டுல?"

"ஒண்ணும் மிச்சம் வைக்கல."

பூசாரி கேட்டதற்கு வருந்தினார். கிடாய் தலையைத் தூக்கி நிழலில் இருந்த பானையைப் பார்த்தது.

கரையம்மா தொடர்ந்தாள். அதுவரைக்கும் அந்த ஊரில் அப்படி ஒரு சொல் இல்லை. திருடன் உண்டு, பொய்யன் உண்டு, துரோகி உண்டு. இவன் இதில் எதிலும் அடங்கவில்லை. சாமியை விரட்டினவனுக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. நாத்திகன் என்றார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சொல் அந்த ஊரில் பிறந்தது. அவனைப் பெண்டாட்டி பிள்ளையோடு எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள்.

அவன் சண்டை போடவில்லை. சாமி சோதிக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொன்னான். எப்படியும் யார் கனவிலாவது சாமி வந்து இவன் என் பிள்ளை என்று சொல்லும், காலையில் கூப்பிட ஆள் வரும் என்றான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டுக் கும்பிட ஆரம்பித்தான். முதலில் தன் சாமியைக் கூப்பிட்டான். பிறகு அந்த ஊர்ச் சாமியையும் கூப்பிட்டான்.

காவலுக்கு நின்றவர்கள் ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பினார்கள். அவன் இன்னும் கும்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறான் என்று.

"ஊரு என்ன சொல்லுச்சு?"

"நடிக்கிறான்னு சொல்லுச்சு."

குழந்தை தண்ணீர் கேட்டது. முதலில் சத்தமாகக் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டது. காவல்காரர்கள் இடுப்பில் சுரைக்குடுவையில் தண்ணீர் இருந்தது.

"குடுத்தாங்களா?"

"அவங்களும் சாமிக்குப் பயந்தவங்கதான்."

பிறகு குழந்தை கேட்பதை நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பனின் குரலும் நின்றுவிட்டது. காவல்காரன் ஒருத்தன் ஓடிப்போய், அவன் கும்பிடுவதை விட்டுவிட்டான் என்றான். பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே என்றது ஊர்.

பூசாரி வானத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மழ?"

"வந்துச்சு."

"வந்துச்சா?"

"அன்னைக்கே வந்துச்சு. அதுதான் பூசாரி கொடுமை. வராம இருந்திருந்தா, யாராச்சும் ஒருத்தர் ராத்திரி படுத்துக்கிட்டுத் தன் கொடத்த நெனச்சுப் பாத்திருப்பாங்க. வந்துருச்சு. தெருவுல எறங்கி ஆடுனாங்க. நாத்திகன வெளிய விட்டோம், மழ வந்துச்சு. அதுக்கு மேல எவனுக்கும் யோசிக்க ஒண்ணுமில்ல. அப்பறம் எந்த வருசம் பொங்கல் பொங்கலேன்னாலும் மொதல்ல ஆளத் தேடுனாங்க."

"அவன் என்ன ஆனான்?"

"அந்த மழையிலயே எல்லைக்கு வந்தான். தனியா. பொண்டாட்டி பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு மரத்தடியிலயே இருந்தா."

ஊர் கூடி நின்று அவனைப் பார்த்தது. தலைவருக்கு அன்றைக்கு மனசு இளகியிருந்தது. மழை வந்துவிட்டதல்லவா. இப்போதாவது சாமி உண்டு என்று ஒத்துக்கொள்கிறாயா, ஒத்துக்கொண்டால் உள்ளே வா என்றார். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"என்ன சொன்னான் தாயி? இல்லேன்னானா?"

"'மண்வெட்டி இருந்தா குடுங்க'ன்னான்."

"அவ்வளவுதானா?"

"தலைவர் திரும்பக் கேட்டாரு. உண்டா இல்லையான்னு. அவன் திரும்பவும் மண்வெட்டிதான் கேட்டான்."

"குடுத்தாங்களா?"

"நாத்திகன் கை பட்ட மண்வெட்டிய எப்பிடித் திரும்ப வீட்டுக்குள்ள வாங்குறது?"

"பெறகு எப்பிடிப் பொதச்சான்?"

"கையாலதான். மழ பேஞ்சு மண்ணு நெகுந்து கெடந்துச்சு. அவன் நெறகொடம் ஊத்திக் கேட்ட மழ, அவனுக்கு அந்த ஒத்தாசைதான் பண்ணுச்சு."

பூசாரி துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் இறங்கியிருந்தது. காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கண்மாயின் குறுக்கே போனது.

"அப்ப நாத்திகன்னா சாமி இல்லேங்கிறவன் கெடையாதா?"

"அப்பிடிச் சொல்றவங்களும் பின்னால வந்தாங்க. தம்மேல விழுந்த கல்ல எடுத்து வாசப்படியாப் போட்டுக்கிட்டவங்க. ஆமா, நான் நாத்திகன்தான்னு சொல்லிக்கிட்டு அதுமேல நிமிந்து நின்னாங்க. அவங்க கதைய அவங்கக்கிட்டத்தான் கேக்கணும். நீங்க யாருன்னு கேட்டீங்க, நான் மொத ஆளச் சொன்னேன்."

"பேரு மொதல்ல வந்துச்சு, ஆளு பின்னாடி வந்தானாக்கும்."

அவள் எல்லைக்கல் பக்கம் பார்த்தாள்.

பூசாரி திடுக்கிட்டு எழுந்தார். எல்லைக்கல் பக்கமிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை.

"தூங்குது" என்றாள் கரையம்மா. "பாருங்க, அவ மடியில போட்டுத் தட்டிக்கிட்டிருக்கா."

இருளாயியின் கை அசைவது தெரிந்தது. பூசாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தார். கை அசைகிறது என்று உறுதியான பிறகுதான் உட்கார்ந்தார்.

"நானும் பாத்தேன் தாயி" என்றார்.

"எத?"

"கெடா நக்குனத. தண்ணி ஊத்துனவன் நான்தான? மொதக் கொடத்துலயே பாத்துட்டேன். அதுக்குச் சொகமா இருந்துச்சு, அதான் நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் சொல்லல. மாயழகு சொன்னான்."

"எல்லாரும்தான் பாத்திருப்பாங்க."

"ஆமா. எல்லாரும்தான் பாத்தாங்க."

கிடாய் எழுந்தது. கயிறு எட்டும் வரை கழுத்தை நீட்டிப் பானையை மோந்தது. கரையம்மா எழுந்து போய்ப் பானையை அதன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தாயி, கூடாது. உத்தரவு குடுக்குற வரைக்கும் தண்ணி காட்டக் கூடாது."

"இழுத்துக்கிடுங்க."

கயிறு பூசாரியின் கையில்தான் இருந்தது. ஒரு சுண்டு சுண்டியிருந்தால் கிடாய் பின்னால் வந்திருக்கும். அவர் கயிற்றைப் பார்த்தார். கிடாயின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். கை எழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு அவர் விரல்களுக்குள் நெகிழ்ந்தது.

கிடாய் பானைக்குள் தலையை விட்டுக் குடித்தது. மறுநாள் வரைக்கும் அவளுக்கு இருந்த தண்ணீர் அதுதான். உறிஞ்சுகிற சத்தம் தவிர அங்கே வேறு சத்தம் இல்லை. அடித் தண்ணீரையும் நக்கிவிட்டுத் தலையை வெளியே எடுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மூக்கிலிருந்து வால் வரைக்கும் உடம்பு முழுவதையும் ஒரு சிலுப்பு சிலுப்பியது. பூசாரியின் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

அவர் கை தானாகக் கும்பிட்டது. கண் கலங்கிவிட்டது.

"கருப்பர் குடுத்துட்டாரு தாயி. உத்தரவு குடுத்துட்டாரு. இனிமே ஒரு வில்லங்கமும் இல்ல. கெடா சிலுப்பிருச்சுன்னு போயிச் சொன்னாப் போதும். படையல் நடக்கும், மாயழகு ஊருக்குள்ள வந்துருவான்."

"வருவானா?"

"ஏன் தாயி? கெடாதான் சிலுப்பிருச்சே?"

"அவன் உள்ள நின்ன வரைக்கும் சிலுப்பல. வெளிய விட்டாங்க, சிலுப்பிருச்சு. அம்பலக்காரர் என்ன சொல்லுவாரு?"

பூசாரியின் கும்பிட்ட கை மெதுவாக இறங்கியது. அந்த உப்பு வண்டிக்காரனின் மழை அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் வெளிறிப் போயிற்று.

"பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமேன்னு சொல்லுவாரு" என்றார்.

"ஆமா."

"அப்ப தண்ணி குடிச்சதுனாலதான் சிலுப்புச்சுன்னு நான் சொல்லணும்."

அவள் காலிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அதையேதான அவனும் சொன்னான்."

பூசாரி முகத்தில் தெறித்திருந்த தண்ணீரைத் துடைத்தார்.

"யாரு தண்ணி காட்டுனதுன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

பூசாரி அவளை ஒரு தடவை பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர் நினைத்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எம்பேரச் சொல்லணும்னா சொல்லுங்க. நான் எல்லைக்கு வெளியதான் இருக்கேன். என்னைய எங்க தள்ளுவாங்க? ஆனா கயிறு யாரு கையில இருந்துச்சுன்னு கேப்பாங்க பூசாரி."

"எங் கையிலதான் இருந்துச்சு."

"ஆமா."

"நான் போகாம இங்கயே இருந்துட்டா?"

"கற்பூரத்த அம்பலக்காரரே ஏத்திக்கிடுவாரு."

கோயில் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கிளம்பியது. பூசாரியைக் கூப்பிடுகிற கொட்டு. பொழுது உடைமரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரின் நிழலும் நீண்டு எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் விழுந்தது. நிழலை யாரும் தடுக்கவில்லை.

பூசாரி கிடாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். இரண்டடி வைத்தார். நின்றுவிட்டார். கொட்டு வேகமாக அடித்தது.

கரையம்மா கண்மாய்க்குள் இறங்கிப் போனாள். ஊற்றின் விளிம்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்துச் சேலைத் தலைப்பால் சேற்றைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். அவரிடம் நீட்டினாள்.

"இது எதுக்கு தாயி?"

"கொண்டு போங்க. அப்பறமா வந்து கேட்டா ஊர்ல யாரும் குடுக்க மாட்டாங்க."

அவர் அதை வாங்கவில்லை. சின்ன வயதில் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை கருப்பருக்கு விளக்கு ஏற்றியவர் அவர். பெண்டாட்டி செத்த அன்றைக்கும், தீட்டு என்பதால் இன்னொருத்தர் கையில் திரியைக் கொடுத்து, வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் சுடுகாட்டுக்குப் போனார். அதையெல்லாம் சொல்ல நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"தாயி" என்றார். "நான் நாத்திகன் இல்ல. எனக்குச் சாமி உண்டு. உங்களுக்குத் தெரியும்ல, எனக்குச் சாமி உண்டு."

கரையம்மா மண்வெட்டியை நீட்டியபடியே நின்றாள்.

"அவனுக்கும் இருந்துச்சு பூசாரி."